இரண்டு தம்ளர் கழுவி வைத்தேன்

மார்ச் 9

திருவாளர் பவர் அவர்களுக்கு,

நான் மாற்றலாகி இங்கே வந்து இருபத்தொரு நாள் ஆகிறது. மூன்று முறை கடைக்கு ஃபோன் செய்தேன். முதல் முறை நீங்கள் வைத்தீர்கள். இரண்டாம் முறை நான் வைத்தேன். மூன்றாம் முறை உங்கள் தம்பி எடுத்து, "அண்ணன் இருக்காரு அண்ணி, ஆனா இல்லைன்னு சொல்லச் சொல்றாரு" என்றார். அவரைத் திட்டாதீர்கள். அந்தக் குடும்பத்தில் பொய் சொல்ல வராத ஒரே ஆள் அவர்தான்.

ஃபோன் நமக்குச் சரிப்படாது. மூன்றாவது நிமிடத்தில் குரல் ஏறிவிடுகிறது. உங்கள் பக்கம் கண்ணாடி வாங்க வந்தவர்களும் என் பக்கம் ரத்தம் கொடுக்க வந்தவர்களும் வேடிக்கை பார்க்கிறார்கள். அதனால் ஒரு யோசனை. கடிதம் எழுதுவோம். ஆனால் வீட்டு விஷயம் கிடையாது, பாட்டைப் பற்றி மட்டும்தான்.

கல்யாணமான புதிதில், கண்ணாடிக் கடைக்காரரான உங்களுக்கு பவர் என்றும் ரத்தம் எடுக்கிற எனக்கு ஊசி என்றும் பேர் வைத்துக்கொண்ட நாட்களில், மதியம் கடையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு டேப் ரிக்கார்டரைப் போடுவீர்களே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு வரி ஓடியதும் நிறுத்தி, "மெட்டைக் கழட்டி வெச்சிட்டுப் படி. தண்ணி கேக்கிற மாதிரி சாதாரணமாச் சொல்லு. அப்பவும் நின்னா அது கவிதை" என்பீர்கள். எத்தனை பாட்டு அப்படி நம் கையில் செத்தது. நின்றது ஒன்றுதான். எது என்று உங்களுக்குத் தெரியும். அதிலிருந்தே தொடங்குவோம். சொற்களை நீங்களே எழுதி அனுப்புங்கள். நாடா உங்களிடம்தானே இருக்கிறது.

வீட்டு விஷயம் அவசியமென்றால் பின்குறிப்பில் எழுதலாம். மூன்று வரிக்கு மேல் போகக் கூடாது.

ஊசி

பி.கு: ரத்த வங்கிப் பொறுப்பு முழுக்க என்னிடம் வந்துவிட்டது. நிரந்தரமாக இருக்கப் போகிறேனா, பழைய இடத்துக்கே திரும்புகிறேனா என்று ஜூலை 31க்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். குவார்ட்டர்ஸ் மாடியில், இரண்டு அறை.


மார்ச் 18

ஊசிக்கு,

உன் அழைப்பாணை கிடைத்தது. பதினோரு வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியவள், இப்போது பாட்டைப் பற்றி மட்டும் பேச வேண்டும் என்று சட்டம் போடுகிறாள். சரி, பேசுவோம். எனக்கென்ன, கடையில் உட்கார்ந்துகொண்டுதானே இருக்கிறேன்.

நாடாவைப் போட்டு, நிறுத்தி நிறுத்தி எழுதினேன். பல்லவி:

வாசல் விளக்கை அணைக்கவில்லை
வந்தவர் யாரும் நீயில்லை
பேசிய பேச்சைத் திரும்பப் பெறவொரு
பாதை இன்னும் கிடைக்கவில்லை

சரணம்:

இரண்டு தம்ளர் கழுவி வைத்தேன்
ஒன்றில் மட்டும் நீர் குடித்தேன்
பகலில் தோன்றும் நிலவைப் போலே
பலரின் நடுவே பார்த்திருந்தேன்

அவ்வளவுதான். அதோடு பாட்டு முடிகிறது. படம் பத்து நாள்கூட ஓடவில்லை. எழுதியவர் யாரென்று ரேடியோவிலும் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆளுக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. 'பார்த்திருந்தேன்' என்றதும் சட்டென்று மௌனம். ஆறுதலும் இல்லை, மறுபடி பல்லவியும் இல்லை. வேறு ஒருவராக இருந்தால் இன்னும் நாலு வரி அழுது தீர்த்திருப்பார்.

பல்லவியில் முதலில் விளக்கைப் பார். 'விளக்கேற்றி வைத்தேன்' என்று எழுதியிருந்தால் அது சாதாரணப் பாட்டு. 'அணைக்கவில்லை' என்கிறார். ஏற்றுவது ஒரு நொடி வேலை. அணைக்காமல் இருப்பதை ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டும். லென்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கீறல் தேடுகிற மாதிரி தேடிப் பார்த்தேன். பல்லவியில் ஒரு கீறல் இல்லை.

உன் முறை.

இப்படிக்கு,
நாற்காலி

பி.கு: நாற்காலி என்று ஏன் கையெழுத்து என்று கேட்காதே. "நீங்க கடைக்கு முதலாளி இல்ல, உங்க அப்பா வாங்கிப் போட்ட ஒரு நாற்காலி" என்று யார் சொன்னது என்று யோசித்துக்கொள். நீ வீட்டைப் பூட்டிக்கொண்டு சாவியோடு ரயில் ஏறிவிட்டதால் பூட்டை உடைத்தேன். தம்பி ஒரு லென்ஸைத் திருப்பிப் பொருத்திவிட்டான், வாடிக்கையாளர் வந்து "படிக்கட்டெல்லாம் சாயுதுங்க" என்கிறார்.


ஏப்ரல் 2

பவர் அவர்களுக்கு,

விளக்கைப் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். பாட்டைப் பற்றிப் பேசும்போது நீங்கள் எவ்வளவு நல்ல மனிதர்.

சரணத்துக்கு வருகிறேன். தம்ளர் வரிதான் இந்தப் பாட்டின் உயிர். ஒன்றில்தான் நீர் குடித்தது என்றால் இன்னொன்று அழுக்காகவே இல்லை. அதை ஏன் கழுவ வேண்டும்? காரணமே இல்லை. அந்தக் காரணமில்லாத வேலையில்தான் முழுப் பிரிவும் இருக்கிறது. கண்ணீர் என்ற சொல்லே வராமல் ஒரு மனிதரை அழவைத்திருக்கிறார்.

ஆனால் நிலா எனக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவு நேரம் வாசல், விளக்கு, தம்ளர் என்று வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தவர், இடம் நிரப்ப ஒரு நிலாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். மெட்டைக் கழற்றிவிட்டுப் படித்தால் அந்த வரி நிற்கவில்லை. அது ஜோடனை. 'பலரின் நடுவே' என்பதும் எங்கிருந்தோ வந்து உட்கார்ந்திருக்கிறது. வீட்டில் தனியாக இருக்கிறவருக்குப் பலர் எங்கிருந்து வந்தார்கள்?

ஊசி

பி.கு: அந்தச் சொல்லை நான் சொல்லியிருக்கக் கூடாது. சாவி ஆத்திரத்தில் கைப்பைக்குள் போய்விட்டது, வேண்டுமென்று செய்யவில்லை. இங்கே ஆஸ்பத்திரி வாசலில் ஃப்ரேம் மட்டும் விற்கிற கடை இருக்கிறது, லென்ஸ் வெளியூர் போய் வரப் பத்து நாளாகிறது. கண் டாக்டரம்மா "நான் எழுதிக் கொடுக்கிறது ஒண்ணு, வந்து சேர்றது ஒண்ணு" என்று தலையில் அடித்துக்கொள்கிறார்.


ஏப்ரல் 13

ஊசிக்கு,

நிலாவைத் தொட்டாய், அங்கேதான் தப்புச் செய்தாய்.

பகல் நிலாவை நீ என்றைக்காவது நின்று பார்த்திருக்கிறாயா? நான் உன் கடிதம் வந்த மறுநாள் காலை பார்த்தேன். பதினோரு மணிக்குக் கடை வாசலில், எதிர்ச் சலவைக் கடைக்கு மேலே வெளுத்துப் போய் நிற்கிறது. தெருவில் அத்தனை பேர் போகிறார்கள், ஒருவர் தலை நிமிரவில்லை. நிலா தன் பாட்டுக்கு எல்லோரையும் பார்த்துக்கொண்டு நிற்கிறது. இரவில் வந்தால் கொண்டாடுவார்கள். அதே நிலாதான், பகலில் வந்ததால் யாருக்கும் வேண்டாம். இதை ஜோடனை என்கிறாயே. ரத்தத்தைப் பார்த்துப் பார்த்து உனக்கு வெள்ளை நிறமே தெரியாமல் போய்விட்டது.

'பலரின் நடுவே' என்பதற்குப் பதில்: வீட்டில் இருப்பவரும் கடைகண்ணிக்குப் போக மாட்டாரா? வருகிறவர் போகிறவரிடம் பேச மாட்டாரா? அந்த 'பலர்' அவர்கள்தான். கொஞ்சம் இழுத்துப் பிடித்த பதில் என்று எனக்கே தெரிகிறது. ஆனால் நிலாவுக்காக இழுப்பேன்.

தம்ளர் வரியைப் பற்றி நீ சொன்னது சரி. முழுக்கச் சரி. எப்படித் தெரியும் என்று கேட்காதே.

இப்படிக்கு,
நாற்காலி

பி.கு: சொன்ன பிறகு சொல்லியிருக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் எளிது. "போறதுன்னா போ, ஒரு வேலைக்காக வீட்டை விட்டுட்டுப் போறவளை நான் தடுக்கல" என்று நானும்தான் கத்தினேன், ஆஸ்பத்திரிக்காரர்கள் இரண்டு பேர் நிற்கும்போது. தம்பி இந்த வாரம் ஏழு ஜோடி லென்ஸ் தேய்த்தான், நாலு தேறியது.


மே 11

பவர் அவர்களுக்கு,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள். நின்றுகொண்டிருந்தால் விழுந்துவிடுவீர்கள்.

போன வாரம் ஒரு டாக்ஸி ஓட்டுநர் ரத்தம் கொடுக்க வந்தார். வழக்கமாக வருகிறவராம். ஊசி போடும்போது பயம் தெரியாமல் இருக்கப் பாடுவாராம். கையை நீட்டிப் படுத்துக்கொண்டு, 'வாசல் விளக்கை அணைக்கவில்லை' என்று தொடங்கினார். ஊசியைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டேன், தெரியுமா? பதின்மூன்று வருஷ வேலையில் எடுத்த ஊசியைப் போடாமல் கீழே வைத்தது அன்றைக்குத்தான்.

பல்லவி பாடினார். தம்ளர் பாடினார். நிலா பாடினார். 'பார்த்திருந்தேன்' என்றார். நான் மௌனத்துக்குக் காத்திருந்தேன். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே பாடினார்.

மேலே பாட்டு இருக்கிறது. இரண்டாம் சரணம் இருக்கிறது. நான், "நீங்களாச் சேத்துப் பாடுறீங்களா?" என்று கேட்டதற்கு அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "என்னம்மா, எனக்கு அவ்வளவு அறிவிருந்தா ஏன் டாக்ஸி ஓட்டப் போறேன்" என்றார். மறுநாள் கேசட்டையே கொண்டுவந்து கொடுத்தார். கேட்டேன். அதே குரல், அதே பாட்டு, நான்கு வரி அதிகம். நீங்கள் ரேடியோவிலிருந்து பிடித்தபோது நாடா தீர்ந்துபோயிருக்கிறது, அவ்வளவுதான். பதினோரு வருஷமாக நாடா முடிந்த இடத்தைக் கவிஞர் முடித்த இடம் என்று தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருக்கிறோம். அந்த மௌனத்தை என்னிடம் எத்தனை முறை விளக்கியிருப்பீர்கள்.

அந்த நான்கு வரியை இப்போது அனுப்ப மாட்டேன். முதலில் ஒரு கேள்வி. பழைய அகப்பாட்டுகளில் ஒவ்வொன்றின் தலையிலும் யார் கூற்று என்று எழுதியிருப்பார்கள் இல்லையா? தலைவி கூற்று, தோழி கூற்று என்று. இந்தப் பாட்டு யார் கூற்று? பிரிந்த இரண்டு பேரில் பாடுவது யார்? இருக்கிறவரா, போனவரா? காரணத்தோடு எழுதுங்கள். அப்புறம்தான் சரணம்.

ஊசி

பி.கு: நிலாவை நான் இங்கே பார்த்தேன். தோற்றுவிட்டேன்.


மே 20

ஊசிக்கு,

கேசட் விஷயத்தை நம்பவில்லை. இருந்தாலும் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

பாடுவது வீட்டில் இருக்கிறவர். மூன்று சாட்சி. முதல் சாட்சி விளக்கு: வாசல் வீட்டில்தான் இருக்கும், போகிறவர் கையோடு எடுத்துக்கொண்டு போக முடியாது. இரண்டாம் சாட்சி தம்ளர்: இரண்டு பேர் புழங்கிய வீட்டில்தான் இரண்டு தம்ளர் இருக்கும். மூன்றாவதும் பெரியதுமான சாட்சி காத்திருப்பு. இருக்கிறவர்தான் காத்திருப்பார். போனவருக்குப் புது ஊர், புது மனிதர்கள், புதுப் பதவி. போனவர் எதற்காகக் காத்திருக்க வேண்டும்? வேண்டுமென்றால் ரயில் ஏறி வந்துவிடலாமே. விட்டுப்போன இடத்திலேயே நிற்கிறவருக்குத்தான், வருகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்து 'நீயில்லை' என்று சொல்கிற தலையெழுத்து.

இதற்குப் பேர் இருக்கிறவர் கூற்று. தலைப்பு எழுதி ஒட்டிவிடு.

இப்படிக்கு,
நாற்காலி

பி.கு: உன் சட்டப்படி பின்குறிப்பிலேயே கேட்கிறேன். ஜூலை 31க்கு என்ன எழுதிக் கொடுக்கப் போகிறாய்? நேராகச் சொல்.


ஜூன் 1

பவர் அவர்களுக்கு,

நேராகவே சொல்கிறேன். முதலில் சரணம்:

போன காலும் என்னுடையது
பூட்டிய கதவும் என்னுடையது
வீடு தேடி நான் வரவில்லை
வீட்டைக் கொண்டு நீ வருவாயா

படித்தீர்களா? பாடுவது போனவர். பூட்டிக்கொண்டு போனவர். இப்போது பல்லவியிலிருந்து மறுபடி படியுங்கள், மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு. போன இடத்திலும் ஒரு வாசல் இருக்கிறது. அங்கேயும் ஒரு விளக்கு அணையாமல் எரிகிறது. நான் ஜோடனை என்று சொன்ன வரிதான் உங்கள் சாட்சிகளைக் கவிழ்க்கிறது. 'பலரின் நடுவே' எங்கிருந்து வந்தது என்று கேட்டேன் அல்லவா? வேலை செய்கிற இடத்திலிருந்து வந்தது. நாள் முழுக்க ஆட்கள் வந்துகொண்டே இருக்கும் ஓர் இடத்தில், வெள்ளையாக, யார் கண்ணிலும் படாமல் நின்றுகொண்டு ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். வெள்ளைக் கோட்டுப் போட்ட யாராவது உங்களுக்கு ஞாபகம் வருகிறார்களா?

தம்ளருக்கும் சொல்லிவிடுகிறேன். இங்கே வந்த அன்று பாத்திரக் கடையில் இரண்டு தம்ளர் வாங்கினேன். கடைக்காரர், "ஒண்ணு போதுமா, ரெண்டா?" என்று கேட்டார். வாய் தானாக ரெண்டு என்றது. தினமும் இரண்டையும் கழுவிக் கவிழ்க்கிறேன். டாக்ஸிக்காரர் வருவதற்கு முன்னாலிருந்தே.

போனவர்கள் காத்திருக்க மாட்டார்கள் என்று எழுதினீர்களே, அந்தக் கடிதத்தை ரத்தம் வைக்கிற ஃப்ரிட்ஜ் பக்கத்தில் நின்று படித்தேன். அழுகை வந்தது. ரயில் ஏறி வந்துவிடலாமே என்கிறீர்கள். வந்தால் பழையபடி யாராவது ஒருவருக்குக் கீழே கையெழுத்தில்லாத வேலை செய்வேன். இங்கே ஒவ்வொரு ரத்தப் பையிலும் என் கையெழுத்து இருக்கிறது. அது தப்பானால் ஓர் உயிர் போகும், சரியானால் ஓர் உயிர் நிற்கும். இந்தப் பொறுப்பு எனக்கு வேண்டும். நான் இதற்கு லாயக்கானவள். நிரந்தரம் என்றுதான் எழுதிக் கொடுக்கப் போகிறேன்.

நீங்களும் வேண்டும். இரண்டையும் கேட்பது பேராசை என்றால் பேராசைதான். உங்களை நேராக வா என்று கூப்பிட எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. அதனால்தான் அந்த நான்கு வரியை அனுப்பியிருக்கிறேன். கடைசி வரியை இரண்டு முறை படியுங்கள்.

ஊசி

பி.கு: நீங்கள் நாற்காலி இல்லை. அன்றைக்கும் நீங்கள் நாற்காலி இல்லை.


ஜூலை 3

பவர் அவர்களுக்கு,

முப்பத்திரண்டு நாளாகப் பதில் இல்லை. தபால்காரர் என்னைப் பார்த்தாலே சைக்கிளை வேகமாக மிதிக்கிறார்.

பாட்டு கேள்வியோடு முடிந்துவிடுகிறது, பதில் என்ன என்று கவிஞர் சொல்லவில்லை. அவருக்கு அது போதும்போல. எனக்குப் போதவில்லை. 31 வரை இழுத்துக்கொண்டிருந்தால் மனசு மாறிவிடும் என்று பயமாக இருக்கிறது. நாளைக் காலை நிரந்தரம் என்று கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

ஊசி


ஜூலை 10

ஊசிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கையெழுத்துப் போட்டிருப்பாய். நல்ல காரியம். என் பதிலைப் பார்த்துவிட்டுப் போட்டிருந்தால் அது எனக்காகப் போட்டதாகிவிடும், பின்னாளில் ஏதாவது சண்டையில் நான் அதைச் சொல்லிக் காட்டுவேன். என்னை எனக்குத் தெரியும்.

இந்த நாட்களில் நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். முதல் கடிதத்தில் டாக்ஸிக்காரரைத் திட்டியிருந்தேன். இரண்டாவதில் உன்னை. மூன்றாவதில் அந்தக் கவிஞரைத் திட்டப் பார்த்தேன், முடியவில்லை. நன்றாக எழுதியிருக்கிறார், பாவி. நாலாவது கடிதத்துக்கு முன்னால் நம் நாடாவை மறுபடி போட்டேன். இந்த முறை பாட்டைக் கேட்கவில்லை, அது முடிகிற இடத்தை மட்டும் கேட்டேன். 'பார்த்திருந்தேன்' முடிந்ததும் ரிக்கார்டரின் பொத்தான் 'டக்'கென்று மேலே எழும்புகிறது. அந்தச் சத்தம் எப்போதும் இருந்திருக்கிறது. அதன் மேல் நான் பதினோரு வருஷமாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன், அவ்வளவுதான். எதிரில் இருப்பவர் சொல்லி முடிப்பதற்குள் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வது எனக்குப் பாட்டில் மட்டும் உள்ள வியாதி இல்லை. மாற்றல் உத்தரவு வந்த அன்று, 'நான் போகணும், ஆனா...' என்று ஆரம்பித்தாய். 'ஆனா'வுக்கு அப்புறம் என்ன என்று நான் கேட்கவே இல்லை.

விளக்கவுரையைத் திருத்திக்கொள்கிறேன். போனவர் கூற்று. மூன்று சாட்சியும் உன் பக்கம். நிலாவை மட்டும் எனக்குக் கொடுத்துவிடு, அதை முதலில் காப்பாற்றியது நான்.

இனி வீட்டு விஷயம். பின்குறிப்பில் அடங்காது, மன்னித்துக்கொள். உன் கண் டாக்டரம்மாவுக்குப் போன மாதம் எழுதினேன், உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு. அவர் ஃப்ரேம் கடைக்காரரிடம் பேசினார். கடைக்குப் பின்னால் ஓர் அறை இருக்கிறதாம். மெஷின் வைக்க மேடை போட்டுத் தருகிறாராம். தம்பியைப் பக்கத்தில் நின்று பழக்கினேன். கடைசியாகத் தேய்த்த இருபதில் ஒன்றுகூடத் தவறவில்லை. "அண்ணே, நீங்க கெளம்புங்க, நீங்க பாத்துக்கிட்டு நின்னாத்தான் எனக்குக் கை உதறுது" என்கிறான். நான் இல்லாவிட்டால் கடை நின்றுவிடும் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். என்னால் நின்றுகொண்டிருந்தது அவன்தான்.

அதனால் வீட்டைக் கொண்டு வருகிறேன். பெரிதாக ஒன்றுமில்லை. லென்ஸ் பெட்டி, தேய்க்கிற மெஷின், டேப் ரிக்கார்டர், உடைத்த பூட்டு. அந்தப் பூட்டு எதற்கு என்று கேட்பாய். அதன் சாவி உன்னிடம் இருக்கிறதே, இரண்டும் ஒரே இடத்தில் இருக்கட்டும். இருபத்தேழாம் தேதி காலை வண்டி. ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், உனக்கு டியூட்டி இருக்கும். ஆஸ்பத்திரிக்கே வருகிறேன். வருகிறவர்களை நன்றாகப் பார்த்துக்கொண்டிரு.

இப்படிக்கு,
எழுந்துவிட்டவன்

பி.கு: இருபத்தாறாம் தேதி அந்த இரண்டாவது தம்ளரைக் கழுவ வேண்டாம். நான் வந்து குடித்த பிறகு கழுவிக்கொள்ளலாம்.